பதினேழாவது மாநிலம்: மயோர்கா தீவில் ஜெர்மானியர்கள்

ஜெர்மனியில் மொத்தம் 16 மாநிலங்கள். இங்கே குடியுரிமைத் தேர்வுக்குப் படிக்கிற எல்லாருக்கும் இது மனப்பாடம். ஆனால் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷமே, ஒரு மதியச் சாப்பாட்டு நேரத்தில், பதினேழாவது ஒன்றும் இருக்கிறது என்று தெரிந்துகொண்டேன்.

கணக்குப் பிரிவில் ஓய்வுபெறும் வயதை நெருங்கிய ஒரு அம்மா இருந்தார். "அடுத்த வெள்ளிக்கிழமை வீட்டுக்குக் கிளம்பறேன்" என்றார். "உங்க வீடு டூயிஸ்பர்க்லதானே?" என்று அப்பாவியாகக் கேட்டேன். மேசையில் இருந்த எல்லாரும் சிரித்துவிட்டார்கள். "மல்லெ!" என்றார்கள் ஒரே குரலில்.

மல்லெ என்பது மயோர்கா தீவுக்கு ஜெர்மானியர் வைத்திருக்கும் செல்லப் பெயர். மத்தியதரைக் கடலில், ஸ்பெயினுக்குச் சொந்தமான பலேரிக் தீவுக் கூட்டத்தில் பெரிய தீவு. டூசல்டார்ஃபில் விமானம் ஏறினால் இரண்டே கால் மணி நேரத்தில் போய் இறங்கிவிடலாம். பெர்லினுக்கு ரயிலில் போவதைவிட இது சீக்கிரம். அதனால்தான் பாதி விளையாட்டாகவும் பாதி உரிமையாகவும் அதைப் 'பதினேழாவது மாநிலம்' என்கிறார்கள்.

இன்னொரு நாட்டின் தீவு எப்படி ஒருவருக்கு 'வீடு' ஆகும்? வெளிநாட்டில் பிழைக்க வந்த எனக்கு இந்தக் கேள்வி கொஞ்சம் உறுத்தலாகவே இருந்தது. அதைத் தேடிப் போனபோது சேர்த்த குறிப்புகள்தான் இந்தக் கட்டுரை. நடுவில் நானே ஒரு முறை நேரில் போய்ப் பார்த்துவிட்டும் வந்தேன்.

முதலில் கொஞ்சம் கணக்கு

மயோர்காவின் பரப்பளவு சுமார் 3,640 சதுர கிலோமீட்டர். மக்கள்தொகை ஒன்பது லட்சத்துக்கு மேல். தலைநகர் பால்மா. அங்கே இருக்கும் விமான நிலையத்தை 2024ல் பயன்படுத்தியவர்கள் 3 கோடியே 30 லட்சம் பேர். வந்தவர், போனவர் இரண்டும் சேர்த்த கணக்கு இது. பலேரிக் தீவுகள் எல்லாவற்றுக்குமாக 2023ல் வந்த சுற்றுலாப் பயணிகள் சுமார் 1 கோடியே 78 லட்சம். அதில் ஜெர்மனியிலிருந்து வந்தவர்கள் மட்டும் 45 லட்சத்தைத் தாண்டும்.

இதைத் தவிர அங்கேயே குடியிருக்கும் ஜெர்மானியர்கள் உண்டு. முறைப்படி பதிவு செய்துகொண்டவர்கள் இருபதாயிரத்தை ஒட்டி இருக்கிறார்கள். வருஷத்தில் சில மாதம் மட்டும் வந்து தங்கும் வீட்டுச் சொந்தக்காரர்கள் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள்.

இத்தனை பேரும் எங்கிருந்து தொடங்கினார்கள்? ஒரே ஒரு ஆளிடமிருந்து என்று சொன்னால் அது மிகையாகும். ஆனால் கதையை அவரிடமிருந்து தொடங்குவதுதான் பொருத்தம்.

மூன்று நாள் விருந்து

லூட்விக் சல்வாடோர், 1847ல் பிறந்த ஹாப்ஸ்பர்க் அரச குடும்பத்துப் பிள்ளை. கண்டிப்பாகப் பார்த்தால் ஆஸ்திரியர். ஆனால் எழுதியது ஜெர்மன் மொழியில். இருபது வயதில், 1867ல், நொய்டோர்ஃப் பிரபு என்ற மாற்றுப் பெயரில் மயோர்காவில் வந்து இறங்கினார். தீவு அவரைப் பிடித்துக்கொண்டது.

1869 முதல் 1891 வரை பலேரிக் தீவுகளைப் பற்றி ஏழு தொகுதிகள் வெளியிட்டார். பயிர், மீன், வீடு, உடை, திருவிழா, தொழில் என்று ஒன்றையும் விடவில்லை. உள்ளூர் மக்கள் பேசும் கட்டலான் மொழியைக் கற்றுக்கொண்டு, அவர்கள் சொன்ன நாட்டுப்புறக் கதைகளைத் தொகுத்து அந்த மொழியிலேயே 1895ல் அச்சிட்டார். ஊர்க்காரர்கள் அவரை இன்றும் பட்டப்பெயரால்தான், 'எங்க இளவரசர்' என்ற தொனியில், சொல்கிறார்கள்.

1872ல் அவர் மிராமார் என்ற பழைய மடத்து நிலத்தை வாங்கினார். 13ஆம் நூற்றாண்டில் ரமோன் யூல் என்ற அறிஞர், துறவிகளுக்கு அரபு மொழி கற்றுக்கொடுக்க நிறுவிய இடம் அது. பிறகு வால்டெமோசா, டெயா ஊர்களை ஒட்டிய கடற்கரை மலைச்சரிவில் ஒவ்வொரு தோட்டமாக வாங்கிச் சேர்த்தார். மரம் வெட்டக்கூடாது என்பது அவர் உத்தரவு. நடைபாதைகள் போட்டார், கடலைப் பார்த்து நிற்கக் காட்சி மேடைகள் கட்டினார். வழிப்போக்கர்களுக்கு ஒரு சத்திரம் வைத்தார். யார் வேண்டுமானாலும் வந்து தங்கலாம், காசு கிடையாது. ஆனால் மூன்று நாள் மட்டும்.

இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்று நம் பாட்டிகள் சொல்வதை ஹாப்ஸ்பர்க் இளவரசரும் கடைப்பிடித்திருக்கிறார்! ஆனால் அவர் மூன்று நாளில் கிளம்பவில்லை. விட்டுவிட்டு நாற்பது வருஷத்துக்கு மேல் அந்தத் தீவு அவருக்கு வீடாக இருந்தது. முதல் உலகப் போர் வந்துதான் அவரை அங்கிருந்து பிரித்தது. 1915ல் பொஹீமியாவில் இறந்தார். மயோர்கா சொத்து, அவருடைய உள்ளூர்ச் செயலாளரின் குடும்பத்துக்குப் போனது.

பின்னால் வந்தவர்களை அளக்க இவர் ஒரு நல்ல அளவுகோல். இவரும் பணக்காரர், இவரும் நிலம் வாங்கினார். ஆனால் ஊரின் மொழியைக் கற்றார், ஊரைப் பற்றி ஊர்க்காரர்களிடமே கேட்டு எழுதினார். வாங்கிய நிலம் திரும்ப ஊர்க்காரர் கைக்கே போனது.

ஒரே துறைமுகத்தில் அகதியும் சுற்றுலாக்காரரும்

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே தீவு வெளியாட்களை வரவேற்கத் தயாராகிவிட்டது. 1903ல் பால்மாவில் கிரான் ஹோட்டல் திறந்தார்கள். 1905ல் சுற்றுலாவை வளர்க்க ஒரு சங்கமே தொடங்கினார்கள். 1930களில் உல்லாசக் கப்பல்கள் வந்துகொண்டிருந்தன.

அதே 1930களில் வேறு வகை ஜெர்மானியர்களும் வந்தார்கள். 1933ல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தபின் நாட்டுக்குள் இருக்க முடியாதவர்கள், இருக்க விரும்பாதவர்கள். மயோர்காவில் செலவு ரொம்பக் குறைவு. வடகிழக்கு மூலையில் இருக்கும் காலா ரட்யாடா என்ற மீனவர் ஊரில் ஒரு சின்னக் காலனியே உருவானது. எழுத்தாளர்கள் ஃபிரான்ஸ் பிளை, கார்ல் ஓட்டன் இருவரும் அங்கே இருந்தார்கள். முன்னாள் கடற்படை அதிகாரியாக இருந்து போர் எதிர்ப்பாளராக மாறிய ஹைன்ஸ் கிராஷுட்ஸ்கியும் அங்கேதான்.

பால்மாவில் ஹாரி கெஸ்லர். ஒரு காலத்தில் ஜெர்மனியின் தூதராக இருந்தவர். கலைஞர்களுக்கெல்லாம் நண்பர், அவருடைய நாட்குறிப்புகள் இன்றைக்கும் புகழ்பெற்றவை. நாட்டை விட்டு வந்து இங்கே வாடகை வீட்டில் தன் நினைவுகளை எழுதிக்கொண்டிருந்தார். அதைத் தட்டச்சு செய்து கொடுத்தவர் ஆல்பெர்ட் ஃபிகோலைஸ் தேலன். இவர் மனைவியோடு 1931லேயே வந்துவிட்டவர், நாஜிகளை அடியோடு வெறுத்தவர். வயிற்றுப்பாட்டுக்குத் தட்டச்சு, மொழிபெயர்ப்பு என்று கிடைத்த வேலையெல்லாம் செய்தார். அதில் ஒன்று, கப்பலில் வந்து இறங்கும் ஜெர்மன் சுற்றுலாக்காரர்களுக்கு ஊரைச் சுற்றிக் காட்டுவது.

அந்தக் காட்சியைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். துறைமுகத்தில் இரண்டு ஜெர்மானியர்கள். ஒருவர் விடுமுறைக்கு வந்தவர், மாலையில் கப்பலுக்குத் திரும்பிவிடுவார். இன்னொருவர் அந்தக் கப்பல் போகும் நாட்டுக்குத் திரும்ப முடியாதவர். ஒரே மொழி, ஒரே கடவுச்சீட்டு!

1936 ஜூலையில் ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் வெடித்தது. மயோர்கா தொடக்கத்திலேயே பிராங்கோ தரப்பின் கைக்குப் போனது. பிராங்கோவுக்கு ஹிட்லர் துணை. போயென்சா விரிகுடாவில் ஜெர்மனியின் கடல் விமானங்கள் வந்து நின்றன. அகதிகள் பயந்து ஓடி வந்த அதே அரசு, இப்போது அவர்கள் வாசலிலேயே வந்து இறங்கிவிட்டது. தேலன் தம்பதி கப்பலேறித் தப்பினார்கள். கிராஷுட்ஸ்கி கைதாகிப் பல வருஷம் சிறையில் கிடந்தார். கெஸ்லர் 1935லேயே கிளம்பியிருந்தார், 1937ல் பிரான்ஸில் இறந்தார்.

தேலன் 1953ல் அந்த வருஷங்களை ஒரு பெரிய நாவலாக எழுதினார். தொள்ளாயிரம் பக்கத்துக்கு மேல் வரும் 'இரண்டாம் முகத்தின் தீவு'. ஜெர்மன் இலக்கியத்தில் அதற்குத் தனி இடம் உண்டு. ஆனால் இன்றைக்கு விமானத்தில் போகிற கூட்டத்தில் எத்தனை பேருக்கு, தங்கள் மக்களே ஒரு காலத்தில் அங்கே அகதிகளாக இருந்தார்கள் என்று தெரியும்? என் அலுவலகத்தில் கேட்டுப் பார்த்தேன். ஒருத்தருக்கும் தெரியவில்லை.

1960: எதிரெதிராகப் போன இரண்டு பயணங்கள்

சுற்றுலாவுக்கு முன்னால் மயோர்கா ஆட்களை வெளியே அனுப்பும் தீவாக இருந்தது. சோயேர் ஊர்க்காரர்கள் பிரான்ஸுக்கு ஆரஞ்சு வியாபாரத்துக்குப் போனார்கள். மற்றவர்கள் அல்ஜீரியா, கியூபா, அர்ஜென்டினா என்று போனார்கள். ஸ்பெயின் முழுக்கவே அப்படித்தான். உள்நாட்டுப் போர் முடிந்து இருபது வருஷம் ஆகியும் வறுமை தீரவில்லை.

1959ல் பிராங்கோ அரசு பொருளாதாரத்தைத் திறந்துவிட்டது. வெளிநாட்டுப் பணம் வேண்டும். அதற்கு இரண்டு வழி: வெளிநாட்டாரை உள்ளே அழைப்பது, தன் மக்களை வெளியே அனுப்புவது. 1960ல் இரண்டும் நடந்தன.

அந்த வருஷம் மார்ச்சில் ஸ்பெயினும் மேற்கு ஜெர்மனியும் தொழிலாளர் ஒப்பந்தம் போட்டன. ஸ்பானியர்கள் ரயிலேறிக் கொலோன் நகரத்து டாய்ட்ஸ் நிலையத்தில் வந்து இறங்கினார்கள். அங்கிருந்து சுரங்கம், இரும்பாலை, கார் தொழிற்சாலை. 1973ல் ஆள் எடுப்பதை ஜெர்மனி நிறுத்தும்வரை சுமார் ஆறு லட்சம் ஸ்பானியர்கள் அப்படி வந்து போனதாகச் சொல்கிறார்கள். அவர்களுக்கு ஜெர்மன் மொழி வைத்த பெயர் 'காஸ்ட்ஆர்பைட்டர்'. நேரடியாகச் சொன்னால் விருந்தாளித் தொழிலாளி. வேலை முடிந்ததும் கிளம்பிவிட வேண்டிய விருந்தாளி.

அதே 1960ல்தான் பால்மாவில் சோன் சான் ஜோவான் விமான நிலையம் பயணிகளுக்குத் திறந்தது. ஜெர்மனியில் சம்பளம் ஏறியது. 1963ல் எல்லாத் தொழிலாளிக்கும் சம்பளத்தோடு விடுமுறை உறுதி என்று கூட்டாட்சிச் சட்டம் வந்தது. அதே வருஷம், வீட்டுச் சாமான்களை அட்டவணை போட்டு அஞ்சலில் விற்றுக்கொண்டிருந்த நெக்கர்மன் நிறுவனம் விடுமுறைப் பயணத்தையும் விற்கத் தொடங்கியது. துவைக்கும் இயந்திரம் விற்கிற அதே முறைதான்: மொத்தமாக வாங்கு, மலிவாகக் கொடு. விமானம், அறை, சாப்பாடு எல்லாம் ஒரே விலைக்குள். ஆலைத் தொழிலாளியும் தட்டச்சு செய்யும் பெண்ணும் வாழ்க்கையில் முதல் முறையாகக் கடல் கடந்து போனார்கள்.

1960ல் பலேரிக் தீவுகளுக்கு வந்தவர்கள் சுமார் 4 லட்சம். 1973ல் 35 லட்சத்துக்கு மேல்! கடற்கரை முழுக்க ஓட்டல் எழும்பியது. கட்டுவதற்கும், பிறகு அறைகளைத் துடைப்பதற்கும் ஸ்பெயினின் வறண்ட தெற்கிலிருந்து ஆண்டலூசியக்காரர்கள் வந்து குவிந்தார்கள். கடற்கரையைக் கண்மண் தெரியாமல் கட்டிடத்தால் நிரப்புவதற்கு 'பலேரிக்மயமாக்கல்' என்று ஒரு சொல்லே பிறந்துவிட்டது.

மயோர்காவில் ஒரு கதை சொல்வார்கள். பழைய காலத்தில் சொத்துப் பிரிக்கும்போது நல்ல விளைநிலம் மூத்த பிள்ளைக்கு. உப்புக்காற்று அடிக்கிற, ஒன்றும் விளையாத கடற்கரை மணல், வேண்டாத பிள்ளைக்கு. சுற்றுலா வந்ததும் ஏமாந்த பிள்ளை கோடீசுவரனானான். மூத்தவன் பாதாம் மரத்தடியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆறாம் எண் கடை

பால்மாவுக்குக் கிழக்கே நீளும் கடற்கரையில் வரிசையாக எண் போட்ட குளியல் கடைகள் உண்டு. ஸ்பானிய மொழியில் 'பால்னியாரியோ'. ஆறாம் எண் கடையைச் சுற்றி ஜெர்மன் இளைஞர்கள் கூடிக் குடிக்க, அந்தச் சொல் அவர்கள் வாயில் உருண்டு 'பாலர்மன்' ஆகிவிட்டது. இன்று பாலர்மன் என்றால் ஒரு கடை இல்லை, ஒரு வாழ்க்கை முறை. அதன் பேரில் திரைப்படம் உண்டு, பாட்டு வகை உண்டு, ஜெர்மனியில் வணிகக்குறியாகவே பதிவு செய்தும் இருக்கிறார்கள். பக்கத்துத் தெருக்களுக்கு 'பியர் தெரு', 'பன்றித்தொடைத் தெரு' என்று பெயர். சுவரில் பதித்திருக்கும் உண்மையான பெயர் வேறு. அதை யாரும் சொல்வதில்லை.

நான் அக்டோபர் மாதம் நான்கு இரவு அந்தப் பக்கம்தான் தங்கினேன், மலிவு என்பதால். மாலை ஆறு மணிக்கே ஒரே மாதிரிச் சட்டை போட்ட கூட்டங்கள். வாளியில் சங்கிரியா, அதில் நீள நீளமான உறிஞ்சு குழல்கள். கேட்கிற பாட்டு ஜெர்மன், மெனு அட்டை ஜெர்மன், திட்டுவதும் ஜெர்மன். ரூர் பகுதியில் ஒரு திருவிழா நாளில் நிற்பது போலத்தான் இருந்தது, என்ன, வெயில் மட்டும் கூடுதல்.

ஓட்டல் வரவேற்பு மேசையில் ஐம்பது வயதுக்காரர் ஒருவர். என் அரைகுறை ஜெர்மனைக் கேட்டுவிட்டு எந்த ஊர் என்று விசாரித்தார். பேச்சு வளர்ந்தது. அவருடைய அம்மா 1960களில் ஆண்டலூசியாவிலிருந்து ஓட்டல் படுக்கை விரிப்பு துவைக்க இந்தத் தீவுக்கு வந்தவர். அம்மாவின் அண்ணன் அதே சமயம் ஸ்டுட்கார்ட்டுக்கு ஆலை வேலைக்குப் போனவர். "மாமா ஜெர்மன்காரங்ககிட்ட போனார். ஜெர்மன்காரங்க அம்மாகிட்ட வந்தாங்க" என்றார். நாங்கள் இரண்டு பேருமே ஜெர்மானியர் இல்லை. ஆனால் பேசிக்கொண்டது ஜெர்மனில்தான், வேறு பொதுமொழி எங்களுக்குள் இல்லை.

விருந்தாளி சொந்தக்காரர் ஆனது

1986ல் ஸ்பெயின் ஐரோப்பியச் சமூகத்தில் சேர்ந்தது. 1980களின் கடைசியிலிருந்து ஜெர்மானியர்கள் அறை எடுப்பதோடு நிற்காமல் வீடு வாங்க ஆரம்பித்தார்கள். பண்ணை வீடு, அதைச் சுற்றி ஆலிவ் மரம், நடுவில் நீச்சல் குளம். 1993ல் கிறிஸ்தவ சமூக ஒன்றியக் கட்சியின் நாடாளுமன்ற உறுப்பினர் டியோனிஸ் யோப்ஸ்ட், மயோர்காவை ஜெர்மனி விலைக்கே வாங்கிவிடலாம் என்ற யோசனையோடு பத்திரிகைத் தலைப்பில் வந்தார். கோடைகால வேடிக்கைச் செய்திதான். ஆனால் தீவில் யாரும் அதை வேடிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை.

வாங்கியவர்களுக்குத் தேவையான எல்லாம் பின்னாலேயே வந்தன. 'மயோர்கா மகசீன்' என்ற ஜெர்மன் வார இதழ் 1971லிருந்தே இருந்தது. 1996ல் ஜெர்மன் வானொலி, 2000ல் 'மயோர்கா சைட்டுங்' என்ற இன்னொரு வார இதழ். ஜெர்மன் மருத்துவர், வழக்கறிஞர், ரொட்டிக் கடை, தேவாலயச் சபை. ஸ்பானியமோ கட்டலானோ ஒரு வார்த்தை தெரியாமல் இருபது வருஷம் அங்கே நிம்மதியாக வாழலாம், பலர் வாழ்கிறார்கள். கற்றுக்கொண்டவர்களும் இருக்கிறார்கள். பிள்ளைகளை உள்ளூர்ப் பள்ளியில் சேர்த்து, ஊர் நடப்பில் கலந்து வாழ்கிறவர்கள் உண்டு. 1999 முதல் உள்ளாட்சித் தேர்தலில் ஓட்டும் போடலாம்.

இங்கே ஒரு சட்ட விவகாரம். இது எனக்கு ரொம்பச் சுவாரசியமாகப் பட்டது. இப்போது பலேரிக் தீவுகளில் விற்கும் வீடுகளில் ஏறக்குறைய மூன்றில் ஒன்றை வெளிநாட்டார் வாங்குகிறார்கள், அதில் ஜெர்மானியர்தான் முதலிடம். இதற்கு ஒரு வரம்பு வைக்க முடியாதா என்று தீவின் அரசியலில் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பணம் தடையில்லாமல் போய்வர வேண்டும் என்ற விதி குறுக்கே நிற்கிறது.

ஆனால் அந்த விதிக்கு விலக்கு வாங்கிய நாடு ஒன்று உண்டு: டென்மார்க். மாஸ்டிரிக்ட் ஒப்பந்தம் போட்டபோதே, தங்கள் நாட்டில் குடியிராத வெளியார் கோடைகால வீடு வாங்குவதைக் கட்டுப்படுத்தும் சட்டம் தொடரும் என்று தனி இணைப்பு எழுதி வாங்கிக்கொண்டார்கள். யாருக்குப் பயந்து? கடற்கரை முழுவதையும் வாங்கிவிடுவார்கள் என்று பக்கத்து வீட்டு ஜெர்மானியருக்குப் பயந்துதான்! மால்டாவும் பின்னால் சேர்ந்தபோது இதே போல் ஒன்று வாங்கியது. ஸ்பெயின் சேர்ந்தபோது அந்தப் பயம் இல்லை. அன்றைக்கு அவர்களுக்கு வேண்டியிருந்தது வாங்க வருகிற ஆட்கள்தான்.

பெயரில் என்ன இருக்கிறது?

இனி என்னை உறுத்திய விஷயத்துக்கு வருகிறேன்.

நான் ஜெர்மனிக்கு வந்தபின் எனக்குக் கிடைத்த பெயர்கள்: வெளிநாட்டார், புலம்பெயர்ந்தோர். என்னைப் போன்றவர்களுக்கு 600 மணி நேர மொழி வகுப்பும் 100 மணி நேரச் சமூக அறிமுக வகுப்பும் உண்டு. அதற்கு 'இணைவு வகுப்பு' என்று பெயர். மொழி கற்காமல் தங்களுக்குள்ளேயே கூடி வாழ்ந்தால் 'இணைச் சமூகம்' என்று கண்டிப்பார்கள், அதாவது ஊரோடு ஒட்டாமல் பக்கத்தில் தனியாக ஓடும் சமூகம்.

மயோர்காவில் குடியேறிய ஜெர்மானியருக்கு ஜெர்மன் பத்திரிகைகள் வைக்கும் பெயர் 'ரெசிடென்ட்', வசிப்பவர். புதிதாகப் போகிறவர் 'ஆவுஸ்வாண்டரர்', வெளியே கிளம்பிப் போகிறவர், கொஞ்சம் சாகசம் கலந்த சொல். 'புலம்பெயர்ந்தோர்' என்று அவர்களைப் பற்றி எழுதி நான் பார்த்ததே இல்லை. ஜெர்மன் ரொட்டிக் கடையும் ஜெர்மன் வானொலியும் 'இணைச் சமூகம்' என்று யாருக்கும் தோன்றுவதில்லை.

நியாயமாகப் பேசவேண்டும். சட்டப்படி இரண்டும் ஒன்றல்ல. அவர்கள் ஐரோப்பியக் குடிமக்கள், ஸ்பெயினில் வாழ அவர்களுக்கு உரிமை இருக்கிறது, வகுப்புக்குப் போகச் சொல்ல யாருக்கும் அதிகாரம் இல்லை. எனக்கு விசா வேண்டும். மொழி வகுப்பால் எனக்கு நன்மைதான், குறையில்லை. ஆனால் சட்டம் வேறு, சொல் வேறு. சொல்லைத் தீர்மானிப்பது பெரும்பாலும் கையில் இருக்கும் பணம். அதே ஸ்பானிய மாமா ஸ்டுட்கார்ட்டில் இருபது வருஷம் வேலை செய்தும் விருந்தாளித் தொழிலாளி. அதே தீவில் வீடு வாங்கிய ஆள் முதல் நாளே வசிப்பவர்.

போனவர்கள் எல்லாரும் பணக்காரர்களும் இல்லை. 2006லிருந்து ஜெர்மன் தொலைக்காட்சியில் வெளியே குடிபெயர்கிறவர்களைப் பின்தொடரும் நிகழ்ச்சி ஒன்று ஓடுகிறது. அதில் புகழ்பெற்றவர் யென்ஸ் பூக்னர், கிழக்கு ஜெர்மனிப் பக்கத்தில் பிறந்தவர். தீவில் பிழைக்க வந்தார், பலதும் செய்து பார்த்தார், தடுமாறினார், பாலர்மன் மேடையில் பாடினார், மனைவியோடு சிற்றுண்டிக் கடை திறந்தார். 2018ல் 49 வயதில் புற்றுநோயால் பால்மாவில் இறந்தார். அவர் தடுமாறியதைப் பார்த்துச் சிரித்தவர்கள் அன்றைக்கு அழுதார்கள். வெளியூரில் கடை போட்டு நஷ்டப்படுவது எப்படி இருக்கும் என்று அனுபவிக்க எந்த நாட்டுக் கடவுச்சீட்டும் தடையில்லை.

தீவு கொடுக்கும் விலை

விருந்தினர் வந்ததால் தீவு பிழைத்தது, அதை மறுக்க முடியாது. வெளியே பிழைக்கப் போன ஊர் இன்று வெளியாட்களுக்கு வேலை கொடுக்கிறது. ஆனால் கணக்கின் அடுத்த பக்கமும் இருக்கிறது.

1990களின் நடுவில் வறட்சி வந்தபோது ஸ்பெயினின் எப்ரோ ஆற்றிலிருந்து கப்பலில் தண்ணீர் கொண்டு வந்தார்கள். தீவைக் காக்க என்று 2002ல் பயணிகளிடம் ஒரு சுற்றுச்சூழல் வரி போட்டார்கள். ஜெர்மன் பயணத் துறையில் பெரிய கூச்சல், அடுத்த வருஷமே ஆட்சி மாறி வரி போனது. 2016ல்தான் திரும்ப வந்தது. 2022ல் வந்த சுற்றுலாச் சட்டத்தில் ஒரு விநோதமான பிரிவு: ஓட்டல் கட்டில்கள் மேலே தூக்கக்கூடியவையாக இருக்க வேண்டும். ஒரு நாளில் எத்தனையோ கட்டில் விரிப்புகளைக் குனிந்து மாற்றி மாற்றி முதுகு போன துப்புரவுப் பெண்கள் போராடிப் பெற்றது அது.

2024 மே மாதம் அந்தக் கடற்கரையில் ஓர் உணவகத்தின் மேல்தளம் இடிந்து விழுந்தது. நான்கு பேர் இறந்தார்கள். இரண்டு பேர் விடுமுறைக்கு வந்த ஜெர்மன் பெண்கள். ஒருவர் வேலை செய்துகொண்டிருந்த ஸ்பானியப் பெண். ஒருவர் செனெகல் நாட்டிலிருந்து வந்து அங்கே பிழைத்தவர். செய்தியைப் படித்தபோது அந்தக் கடற்கரையின் மொத்தக் கதையும் அந்த நான்கு பேரில் இருப்பதாகத் தோன்றியது.

அதே வருஷம் ஜூலையில் பால்மா தெருக்களில் பல்லாயிரம் பேர் ஊர்வலம் போனார்கள். சுற்றுலாவே வேண்டாம் என்று அவர்கள் சொல்லவில்லை, குறையுங்கள் என்றார்கள். கோபத்தின் மையம் வீட்டு வாடகை. ஆசிரியர், செவிலியர், ஓட்டல் தொழிலாளி யாருக்கும் வாடகை கட்டுப்படியாகவில்லை. வண்டியிலேயே படுத்துத் தூங்குகிறவர்கள் இருக்கிறார்கள். நான் பார்த்த வரவேற்பு மேசைக்காரரும் உள்ளே தள்ளி ஒரு ஊரிலிருந்து தினமும் கார் ஓட்டி வருகிறார். "பொண்ணு நல்லா படிக்குது. படிச்சு முடிச்சா இங்க வீடு எடுக்க முடியாது. ஜெர்மனிக்குப் போகலாமான்னு கேக்குது" என்றார். மாமா போன வழி.

மலை மேல் ஒரு மாலை

கடைசி நாள் பஸ் பிடித்து மலைப்பக்கம் போனேன். லூட்விக் சல்வாடோர் வாங்கிய வீடுகளில் ஒன்றான சோன் மரோய்க் இன்று அருங்காட்சியகம். தோட்டத்து மூலையில் அவர் கட்டிய வெள்ளைப் பளிங்கு மண்டபம் இருக்கிறது. அங்கிருந்து பார்த்தால் நடுவில் ஓட்டை விழுந்த பெரிய பாறை கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். சுற்றி நின்ற முப்பது நாற்பது பேரும் ஜெர்மன் பேசிக்கொண்டிருந்தார்கள், சூரியன் இறங்கக் காத்துக்கொண்டு. நானும் அவர்களில் ஒருத்தனாக நின்றேன்.

உண்மையில் நான் அவர்களில் ஒருத்தன்தான். ஸ்பெயின் அரசு சுற்றுலாப் பயணிகளைக் கணக்கெடுப்பது கடவுச்சீட்டை வைத்து இல்லை, வசிக்கும் நாட்டை வைத்து. ஆக, அந்த அக்டோபர் மாதக் கணக்கில் நான் ஒரு ஜெர்மன் சுற்றுலாப் பயணி! இத்தனை வருஷத்தில் என்னை எந்தக் கேள்வியும் கேட்காமல் ஜெர்மானியர் என்று எழுதிக்கொண்ட ஒரே இடம் மயோர்காதான்.

சிரித்துக்கொண்டேதான் மலை இறங்கினேன். ஆனால் பஸ்ஸில் உட்கார்ந்ததும் அந்த மூன்று நாள் சத்திரம் நினைவுக்கு வந்தது. நான் நான்கு இரவு தங்கியிருக்கிறேன். என் அறையின் வாடகை மலிவாக இருந்ததற்கு, காலையில் என் படுக்கையை விரித்த பெண்ணும், மலைக்கு அந்தப்புறம் ஏதோ ஒரு ஊரில் வீடு தேடும் ஒரு பிள்ளையும் கொஞ்சம் விலை கொடுத்திருக்கிறார்கள். இதை ஜெர்மானியர் பிரச்சினை என்று தள்ளிவிட எனக்கு இனி வாய் வராது.

திங்கட்கிழமை சாப்பாட்டு மேசையில் கணக்குப் பிரிவு அம்மா கேட்டார், "எப்படி இருந்துச்சு மல்லெ?" அழகான ஊர் என்றேன். பிறகு, "அங்க ஊர்க்காரங்க பேசற பாஷைல நன்றிக்கு என்னன்னு தெரியுமா?" என்று கேட்டேன். முப்பது வருஷமாகப் போய்வருகிறவர் அவர். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "கிராசியாஸ்" என்றார். அது ஸ்பானியம். கட்டலானில் 'கிராசியஸ்', கொஞ்சம்தான் வித்தியாசம். நானே அதை வரவேற்பு மேசையில் கிளம்புகிற அன்றுதான் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.